எழுத்துக்கு ஒரு பலம் வெள்ளி

மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் அரசர்கள் எலும்பிலும் ஆமை ஓட்டிலும் கீறித் தங்கள் முன்னோரிடம் கேட்ட கேள்விகள், ஷியாவ்துன் ஊரில் ராத்தல் ஆறு செப்புக்காசுக்கு விற்றன. அதுவும் கேள்வியைச் சுரண்டி எறிந்த பிறகு.

அது கேள்வி என்று ஊரில் யாருக்குத் தெரியும்? பருத்திக் காட்டை உழுதால் எலும்பு வரும். வந்தது நாக எலும்பு, மழை கொண்டுவரும் பறக்கும் நாகத்துடையது என்று நம்பிக்கை. பொடித்து வைத்தால் வெட்டுக்காயம் ஆறும், குளிர்காய்ச்சல் விடும். நகரத்து மருந்துக்கடைக்காரன் மா என்பவனுக்கு ஒரே ஒரு நிபந்தனை, எலும்பில் கீறல் இருக்கக் கூடாது. "நாகத்து முதுகுல ஏறி உட்கார்ந்து எவன்யா எழுதியிருப்பான்? எழுத்து இருந்தா போலி" என்பான். ஆகவே வாங்க ஆள் வருகிறான் என்றாலே வீட்டுப் பெண்கள் அரிவாளோடு சுரண்ட உட்கார்ந்துவிடுவார்கள். சூ தேஷானின் மனைவி ஃபெங்லான் அதில் கெட்டிக்காரி. அவள் கை பட்ட எலும்பு, உரித்த முள்ளங்கி போல இருக்கும்.

அந்த வருஷம் தேஷானின் மாடு செத்துப்போயிருந்தது. கோதுமை விதைப்புக்கு ஒன்பது நாள்தான் பாக்கி. சந்தையில் மாடு பதினான்கு பலம் வெள்ளி, பலம் ஒன்றுக்கு ஆயிரம் செப்புக்காசு. வாடகை மாடு பிடித்தால் விளைச்சலில் பாதி போய்விடும். சுத்தம் செய்த எலும்பு மூட்டையோடு அவன் நகரத்துக்குப் புறப்பட்டபோது, பழம்பொருள் வாங்கும் துவான் என்பவன் வழிமறித்து மூட்டையைக் கவிழ்த்தான்.

"எழுத்து எங்கய்யா?"

"ஒண்ணுகூட இல்ல முதலாளி. தடவிப் பாருங்க, வழுக்கும்."

"வழுக்குறதை வச்சு நான் என்ன பண்ண? எழுத்து இல்லேன்னா இது வெறும் எலும்பு. எழுத்து ஒண்ணுக்கு ஒரு பலம் வெள்ளி தர்றேன்."

ஆளுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்றுதான் தேஷான் நினைத்தான். ஆனால் வெள்ளி என்ற சொல்லை யாரும் சும்மா வாயில் போட்டு மெல்லமாட்டார்கள்.

"அதுல என்ன எழுதியிருக்கு முதலாளி?"

"எனக்கென்ன தெரியும்? தலைநகரத்துல பெரிய படிப்பாளிங்க நாலு பேரு ஒண்ணுல மீன் தெரியுதுங்கறாங்க, ஒண்ணுல மழை தெரியுதுங்கறாங்க. மிச்சத்துக்கு முழிக்கிறாங்க."

"முழிக்கிறதுக்கா பலம் வெள்ளி?"

"காசு அந்த முழிக்கிறவங்ககிட்டதானே இருக்கு."

முந்தின நாள் தோண்டியெடுத்த ஆமை ஓடு ஒன்று, இன்னும் சுரண்டாமல், மண் அப்பியபடி கொட்டகையில் கிடந்தது தேஷானுக்கு நினைவு வந்தது. துவானை வீட்டுக்கு அழைத்துப்போய் அதைக் கழுவினான். படிக்கத் தெரியாத இருவரும் குனிந்து எண்ண ஆரம்பித்தார்கள். துவானுக்குப் பதினேழு வந்தது, தேஷானுக்கு இருபத்தாறு.

"யோவ், இதெல்லாம் விரிசல்."

"விரிசலும் யாரோ வேலை மெனக்கெட்டுப் போட்டதுதானே?"

"சரி, இது ரெண்டும் ஒட்டிக்கிட்டிருக்கு. ஒண்ணுதான்."

"நானும் என் பொண்டாட்டியும்தான் ஒட்டிப் படுக்குறோம். கஞ்சி ரெண்டு கிண்ணம் ஆகுதே."

இருபதில் முடிந்தது பேரம். மாடு போக ஆறு பலம் மிச்சம். துவானின் வெள்ளி நகரத்துச் சத்திரத்தில் இருந்தது. வழியில் வேறு எவனும் அவனை மடக்கிவிடாமல் இருக்கக் கூடவே போய்வருவது என்று தேஷான் முடிவு செய்தான். வாசலில், ஆற்றிலிருந்து துணியோடு வந்த ஃபெங்லான் எதிர்ப்பட்டாள்.

எழுத்துக்கு விலை என்று சொன்னால் அவள் அண்ணன் காதுக்குப் போகும், அண்ணன் காதுக்குப் போனால் ஊரே தோண்டும், விலை படுத்துவிடும். ஆகவே விஷயத்தை விழுங்கிக்கொண்டு, "கொட்டகையில இருக்கிற ஆமை ஓட்டை வாங்க மத்தியானம் ஆள் வரும்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தான். தன் சாமர்த்தியத்தை நினைத்து வழியெல்லாம் அவனுக்கே பெருமையாக இருந்தது.

திரும்பி வந்தபோது ஃபெங்லான் வேர்த்து வழிய உட்கார்ந்திருந்தாள். மடியில் ஓடு, வெள்ளை வெளேரென்று.

"வாங்க முதலாளி. ஓரத்துல கொஞ்சந்தான் பாக்கி. ஒரு கிண்ணம் வெந்நீர் குடிக்கிறதுக்குள்ள முடிச்சிடுறேன்."

தேஷான் பாய்ந்து அரிவாளைப் பிடுங்கினான்.

"என்னாச்சுங்க?"

"அதுதான்டி விலை."

"எது?"

"நீ சுரண்டினது."

அவள் ஓட்டைப் பார்த்தாள், சாக்கில் கிடந்த தூளைப் பார்த்தாள், இருவர் முகத்தையும் பார்த்தாள். எதுவும் எதோடும் சேரவில்லை.

"போன வருஷம் ஒரு கீறல் விட்டுப்போச்சுன்னு மா மூட்டையைத் திருப்பினப்ப, ரெண்டு நாள் என்கிட்ட பேசாம இருந்தது யாரு? இப்ப கீறல்தான் வேணும்னா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா உங்க அண்ணனுக்குப் போயிடும்."

"சொல்லலையே. இப்ப எங்க போச்சு?"

தேஷான் துவான் பக்கம் திரும்பினான். "ஓடு இருக்கு, அரிவாள் இருக்கு. ஞாபகம் வச்சு நானே போட்டுத் தர்றேன் முதலாளி."

"நீ போட்டா யாருய்யா படிப்பாங்க?"

"இருந்ததை மட்டும் யாரு படிச்சாங்க?"

துவான் தாடையைச் சொறிந்தான். "அதைப் படிக்க முடியாதவங்க பெரிய படிப்பாளிங்க. நீ எழுதுறதைப் படிக்க முடியாம இருக்கறதுக்குப் படிப்பே வேண்டாம்."

அது பதிலா, வசவா என்று தேஷானுக்குப் புரியவில்லை. அதற்குள் சுவருக்கு மேலே அக்கம்பக்கத்துத் தலைகள் முளைத்துவிட்டன. அதில் ஒன்று அண்ணனுடையது. இனி எந்தக் காட்டிலும் மண்வெட்டிக்கு ஓய்வு இருக்காது.

துவான் ஓரத்தை விரலால் தடவி எண்ணினான். முழுசாக ஐந்து. தலை போய் வால் மட்டும் நின்றது ஒன்று. அரைமணி வாக்குவாதத்துக்குப் பிறகு அதற்கு அரை விலை. வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, ஓட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு போனான். சாக்கிலிருந்த தூளை ஃபெங்லான் காகிதத்தில் மடித்தாள்.

எழுத்து ஐந்தரைக்கு வரவு, ஐந்தரைப் பலம் வெள்ளி. தூள் வகையில் மாவின் மருந்துக்கடையில் கிடைத்தது மூன்று செப்புக்காசு. மாட்டின் விலை பதினான்கு பலம். துண்டு விழுவது எட்டரைப் பலம். அதில் மூன்று காசைக் கழித்துக்கொள்ளலாம்.