வலிக்கு

"பெல்ட்ட விடுங்க அண்ணாச்சி, நேவி ஐயா என்னையத்தான—"

"எடா, நீ விடு! பத்து வருஷமா கயிறு பிடிக்கிற என்னை விட்டுட்டு—"

"நான் கேட்டா வாங்குனேன்?"

"அதாண்டா சொல்றேன்! கேக்காமலே கிடைக்குது உனக்கு!"

கொச்சி மட்டாஞ்சேரி தீயணைப்பு நிலைய முற்றத்தில் இருவரும் ஒரே பெல்ட்டை இழுத்துக்கொண்டு நின்றார்கள். சுப்புராஜ் அந்த நிலையத்துக்காரர், பக்கத்துப் பள்ளுருத்தியில் குடியிருக்கும் தமிழர். சந்தனமாரி ஆரியங்காவு மலையில் காட்டுத்தீ அணைப்பவன். முந்தின நாள்தான் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தான். தீக்குள் மாட்டிக்கொண்டவர்களை ஹெலிகாப்டரில் தூக்குவதற்குக் கடற்படை, தீயணைப்பு, வனத்துறை மூன்றும் சேர்ந்து நடத்தும் பயிற்சி. மறுநாள் வெலிங்டன் தீவில் ஒருவர் கயிற்றில் தொங்கி மேலே போகவேண்டும். அது சந்தனமாரி என்று கடற்படை அதிகாரி சொல்லிவிட்டார்.

"நான் பறக்கப் போறேன்னு என் பெண்டாட்டி மாடத்தி எங்க தெரு முழுக்கச் சொல்லி வச்சிருக்கா. அவளோட அம்புட்டு பேரும் படகுத்துறையில வந்து நிப்பாங்க. யாரப் பாக்க? உன் வெடிச்ச காலையா?"

"கீழருந்து பாத்தா எல்லாக் காலும் ஒண்ணுதான், அண்ணாச்சி."

சிரித்தவர்களைச் சுப்புராஜ் முறைத்தார். பிறகு அவரே பெல்ட்டை அவனுக்கு மாட்டிவிட்டார்.

அன்று வெறும் ஒத்திகை. பயிற்சிக் கோபுரத்தின் உச்சியில் கப்பி. கீழே நிலையத்து வீரர் அப்புவும் மூன்று பேரும் கயிற்றைப் பிடித்தார்கள். நால்வரும் மலையாளிகள். சந்தனமாரி பாதி உயரம் போனதும் பெல்ட் முறுக்கிக்கொண்டு விலாவில் ஏறியது.

"வலிக்கு! வலிக்கு!"

மலையாளத்தில் அதற்கு 'இழு' என்று பொருள்.

"கேட்டில்லே? வலிக்கான் பறயுன்னு!" என்றார் அப்பு. நால்வரும் இழுத்தார்கள்.

"ஐயோ, வலிக்கு!"

"ஆஞ்ஞு வலிக்கெடா!" நால்வரும் இன்னும் பலமாக இழுத்தார்கள்.

சுப்புராஜ் வாயைத் திறந்தார். நிறுத்து என்று ஒரு சொல் போதும். தீவின் மேல் ஹெலிகாப்டர் ஒன்று தாழச் சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தவர் வாயை மூடிக்கொண்டார்.

இறக்கியபோது சந்தனமாரியால் நிமிர முடியவில்லை. விலாவில் ரத்தம் கட்டியிருந்தது.

"எடா, நொந்தால் நோவுன்னு என்னு பறயண்டே?" வலித்தால் 'நோவுன்னு' என்றல்லவா சொல்லவேண்டும் என்று அப்பு தலையில் அடித்துக்கொண்டார்.

அதிகாரி வந்து பார்த்தார். "நாளைக்கு இவன் வேண்டாம். சுப்புராஜ், நீ ஏறு."

சுப்புராஜ் ஓடிப்போய்ச் சாயா வாங்கிவந்து நீட்டினார். சந்தனமாரி கிளாசைத் தொடவில்லை.

"அவுகளுக்குத்தான் தமிழ் தெரியாது. உங்களுக்குத் தெரியும்லா, அண்ணாச்சி?"