மாட்டுங்காவில் ஒரு காலி ஃப்ளாட்

செம்பூரில் இருந்த அந்த மேனேஜ்மென்ட் கல்லூரியின் வாசலில் சிசோமோவின் முகம் பத்தடி உயரத்தில் சிரித்துக்கொண்டிருந்தது. ‘உலகமே எங்கள் வகுப்பறை’ என்று ஃபிளெக்ஸின் அடியில் எழுதியிருந்தார்கள். உலகத்திலிருந்து அந்த வகுப்பறைக்கு வந்து சேர்ந்தவள் மலாவி நாட்டு சிசோமோ ஒருத்திதான் என்பதால், மற்ற எல்லா நாடுகளின் சார்பிலும் அவளே சிரிக்க வேண்டியிருந்தது. சிரிக்க இடம் கொடுத்த கல்லூரியில் தங்க இடம் இல்லை. ஹாஸ்டல் அடுத்த வருடத் திட்டத்தில் இருந்தது, பல வருடங்களாக.

கோவண்டியில் அவள் இருந்த அறையை மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். காரணம் கேட்டதற்கு, “பில்டிங்வாலாக்கள் பேசறாங்க” என்றார் வீட்டுக்காரர். என்ன பேசுகிறார்கள் என்று அவள் கேட்கவில்லை, தெரிந்ததுதான். புது வாடகை ஒப்பந்தம் இல்லாமல் விசா நீட்டிப்பு கிடையாது. விசா இல்லாமல் இரண்டாம் வருடப் படிப்பு கிடையாது.

அவளோடு ஒரே வகுப்பில் படித்த மானசாவுக்கு இது பொறுக்கவில்லை. மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்த அந்தப் பெண்ணுக்கு ஆப்பிரிக்கா என்றால் உயிர். உடன் படித்தவர்கள் வங்கி வேலைக்குக் கோட்டு தைத்துக்கொண்டிருந்தபோது அவள் ‘ஆப்பிரிக்க வளர்ச்சி மன்றம்’ தொடங்கினாள். தலைவி மானசா, உறுப்பினர் சிசோமோ. பிளேஸ்மென்ட் அதிகாரி, “ஆப்பிரிக்காவா? பேக்கேஜ் எவ்வளவு வரும்?” என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் அனுதாபப்பட்டார். வளர்ச்சிப் பொருளாதாரம் நடத்திய பேராசிரியர் மட்டும் உற்சாகமூட்டினார். ஜுஹு கடற்கரைக்கு மேற்கே போயிராத அவர், ஆப்பிரிக்காவுக்கு ஒத்திகை என்று சொல்லி வகுப்பையே தாராவிக்கு அழைத்துப் போனார். தோல் பட்டறைகளுக்கு நடுவே தண்ணீர் பாட்டிலும் கையுமாக நின்று, “அங்கேயும் ஏறக்குறைய இப்படித்தான்” என்றார்.

“எங்க ஊர்ல இவ்வளவு வேலை கிடையாது சார். இருந்திருந்தா நான் எதுக்கு இங்க வரேன்?” என்றாள் சிசோமோ.

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவளை நடுவில் நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

கோடை விடுமுறையில் மானசா மலாவியின் ஸோம்பா நகரத்துக்குப் போவதாக ஏற்பாடு. அங்கே பெண் விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் எட்டு வாரம் சம்பளமில்லாத வேலை. சங்கத்தின் செயலாளர் சிசோமோவின் அம்மா. தங்குவதும் அவர் வீட்டில்தான். சிசோமோ ஒரே ஒரு போன் செய்தாள், காரியம் முடிந்தது.

ஆகவே சிசோமோவுக்கு இடம் பார்ப்பது தன் பொறுப்பு என்று மானசா எடுத்துக்கொண்டாள். பார்க்கவும் வேண்டியதில்லை. அவர்கள் கட்டடத்திலேயே இரண்டாம் மாடியில் ஒரு ஃப்ளாட் பூட்டிக் கிடந்தது. பிள்ளையில்லாத பெரியப்பா அதை மானசா பேரிலேயே எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். சாவி அப்பாவிடம். பால்கனியில் புறாக்கள் குடும்பத்தோடு குடியிருந்தன. அவற்றிடம் யாரும் போலீஸ் வெரிஃபிகேஷன் கேட்கவில்லை. வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சாவியை வாங்கி வருவதாகத் தோழியிடம் சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்ரிநாராயணன் இரண்டாவது காபியில் இருந்தபோது மகள் விஷயத்தை அவிழ்த்தாள். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியான அவர்தான், கட்டடத்தில் யார் குடிவரலாம் என்று தீர்மானிக்கும் சொசைட்டிக்கு நிரந்தர செக்ரட்டரி.

“எனக்கு ஒண்ணும் இல்லைடி,” என்று அவர் ஆரம்பித்தார். “நான் பாங்க்ல எல்லா ஜாதிக்காராளோடயும் ஒரே கேன்டீன்ல டீ குடிச்சவன். ஆனா கமிட்டி ஒத்துக்கணுமே?”

“கமிட்டியே நீதானேப்பா? மத்தவா கையெழுத்துப் போடத்தானே வரா?”

“அதைத்தான் சொல்றேன். செக்ரட்டரியா இருந்துண்டு நானே ரூலை மீறினா நாலு பேர் என்ன சொல்லுவா?”

“எந்த ரூல்?”

“எல்லாத்தையும் எழுதி வெச்சிண்டிருப்பாளா?”

அம்மா ஷ்யாமளா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “மீன் பொரிப்பாளோ?”

“மாட்டாம்மா. பருப்பும் சாதமும் போதும்ங்கறா.”

“பாவம், எதுக்கு நாக்கைக் கட்டிண்டு இருக்கணும்? வேற எங்கயாவது சௌக்கியமா இருக்கட்டுமே.” ஷ்யாமளாவின் இரக்கம் எப்போதும் அடுத்த ஏரியாவைப் பார்த்தே பாயும். “நீ ஆப்பிரிக்காவுக்குப் போய் அவாளுக்கு நல்லது பண்ணு, யார் வேண்டாங்கறா? அதை ஏன் ஆத்துக்குள்ள இழுத்துண்டு வரே?”

“ஃப்ளாட் என் பேர்லதானேம்மா இருக்கு?”

பத்ரிநாராயணன் டம்ளரைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. கடன் விண்ணப்பங்களை நிராகரித்துப் பழகிய குரல் அது, இனிமையாகவே இருக்கும்.

“உன் பேர்லதான் இருக்கு கண்ணா. சாவி அந்த ஆணில தொங்கறது, எடுத்துக்கோ. நான் யார் தடுக்க? உன் ப்ளேன் டிக்கெட் வேற விஷயம். இன்னிக்குப் போடணும்னியே, அதைப் போடறதா வேண்டாமான்னு அப்பறமா யோசிப்போம். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதே.”

மானசா குழப்பிக்கொள்ளவில்லை. ஆணிக்குக் கீழே போய் நின்றாள். கை நீட்டினால் எட்டும் உயரம். இந்த மாதிரிக் கட்டங்களுக்கு வகுப்பில் ஒரு முறை சொல்லித் தந்திருந்தார்கள்: லாபம் ஒரு பக்கம், நஷ்டம் ஒரு பக்கம். இந்த அறையால் பயன் ஒருத்திக்கு. ஸோம்பா போனால் சங்கத்துப் பெண்கள் நானூறு பேருக்கு. கணக்கு உதைக்கவே இல்லை. இதுவும் ஒருவகைத் தியாகம்தானோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

மாலையில் டிக்கெட் மெயிலில் வந்தது.

மறுநாள் கேன்டீனில் சிசோமோவிடம், “அந்த ஃப்ளாட் வாடகைக்குப் போயிடுச்சாம். அப்பா எனக்குச் சொல்லவே இல்லை” என்றாள்.

சிசோமோ சமோசாவைப் பிய்த்தபடி தலையாட்டினாள். “நேத்துதானே போச்சு?”

“ஆமா. உனக்கு எப்படித் தெரியும்?”

“இந்த ஊர்ல எல்லா அறையும் நேத்துதான் போகும். செம்பூர்ல நேத்து, விக்ரோலில நேத்து. சீத்தா கேம்ப்ல மட்டும் முந்தாநாள்.”

சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் மானசா விழித்தாள். திட்டியிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும்.

“இப்போ என்ன பண்ணப் போறே?”

“ஊருக்குப் போக வேண்டியதுதான். ஒரு விதத்துல நல்லதாப் போச்சு. உன்னை ஏர்போர்ட்டுக்கு வந்து கூட்டிட்டுப் போக ஆள் இல்லையேன்னு அம்மா கவலைப்பட்டுட்டிருந்தாங்க. இனிமே நானே வந்துடுவேன்.”

அந்தக் குரலில் குத்தல் இருக்கிறதா என்று மானசா தேடிப் பார்த்தாள். அகப்படவில்லை.

சிசோமோ போனில் இரண்டு படங்களைக் காட்டினாள். இரண்டிலும் புதிதாக வெள்ளையடித்த அறைகள். “உனக்கு எது வேணும்னு அம்மா கேக்கறாங்க. ரோட்டுப் பக்கமா, தோட்டத்துப் பக்கமா? தோட்டத்துப் பக்கம் என்னோடது, வெளிச்சம் நல்லா வரும். உனக்குப் பிடிச்சிருந்தா எடுத்துக்கோ, நான் அம்மாகூடப் படுத்துக்கறேன்.”

இப்போதாவது ஏதாவது சொல்ல வேண்டும் என்று மானசாவுக்குத் தெரிந்தது. டிக்கெட்டைக் கேன்சல் செய்யலாம். மாதம் முடிய இன்னும் நாள் இருந்தது. வாயைத் திறந்தாள்.

“தோட்டத்துப் பக்கம்,” என்றாள்.