முதல் மடக்கு

கட்டிலுக்குக் கீழே தொங்கிய பிளாஸ்டிக் பையில் மூத்திரம் ஏறியிருக்கிறதா என்று மாஸ்டர் குனிந்து பார்த்தார். காலையில் பார்த்த அதே அளவுதான். அடியில் ஒரு விரல் உயரம்கூட இல்லை, அதுவும் கடுங்காப்பி நிறத்தில். ஒரு பிள்ளைக்கு மூத்திரம் வரவேண்டும் என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டு நிற்கும் நாளும் தனக்கு வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் அவர் சிரித்திருப்பார். இப்போது பைக்குள் விழுந்த ஒரு சொட்டைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கியது. அடுத்த சொட்டு விழவில்லை.

கட்டிலில் கிடந்தவள் அவருடைய அக்கா மகள். வீட்டில் மாமா என்றும் பள்ளிக்கூடத்தில் மாஸ்டர் என்றும் அவரைக் கூப்பிடுகிறவள். எதிராளியின் இடுப்பைப் பிடித்தால் விடவே மாட்டாள் என்பதால் பல்லி என்று பட்டப்பெயர் வைத்ததும் அவர்தான். போன சனிக்கிழமை மல்யுத்தப் போட்டியில்தான் இந்தப் பல்லி, வட்டாரத்தில் யாரும் தொட முடியாது என்று பேர் வாங்கிய ஒரு பெண்ணைத் தூக்கிப் போட்டுத் தங்கப் பதக்கம் வாங்கியது. மறுநாள் காலையில் குளியலறை வாசலில் சரிந்து விழுந்தவளுக்கு இன்னும் முழு நினைவு திரும்பவில்லை. கண்ணைத் திறக்கிறாள், ஆட்களை அடையாளம் தெரிகிறது, ஆனால் இன்றைக்கு என்ன நாள் என்று தெரியவில்லை. முகம் வீங்கி, உதடு வெடித்து, வேறு யாரோ மாதிரி இருந்தாள்.

நர்ஸ் ஒரு டம்ளரில் மருந்துப் பொடியைக் கலக்கிக்கொண்டு வந்தாள். ரத்தத்தில் உப்பு ஏறிக்கொண்டே போகிறதாம், இதைக் குடித்தால்தான் இறங்குமாம். டம்ளரை வாயருகே கொண்டுபோனதும் பல்லி உதட்டை இறுக்கிக்கொண்டாள். நர்ஸ் கொஞ்சினாள், அதட்டினாள். பல்லியின் கண் டம்ளரைப் பார்க்கவே இல்லை, கட்டிலின் கால்மாட்டில் நின்ற மாமாவையே பார்த்தது. மாஸ்டர் தலையை ஆட்டி, "குடிம்மா" என்றார். அவள் உதட்டை இன்னும் இறுக்கினாள். மூக்கு வழியே குழாய் போடலாம் என்று பார்த்தால் அதையும் கையால் தட்டிவிடுகிறாள் என்று முனகிக்கொண்டே நர்ஸ் டம்ளரை மூடி வைத்துவிட்டுப் போனாள்.

அந்தச் சின்ன வயது டாக்டரம்மாவுக்கு அப்போதுதான் சந்தேகம் முற்றியது. நல்ல ஆரோக்கியமான பெண்ணுக்குத் திடீரென்று இரண்டு கிட்னியும் நின்றுபோகிறது, என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறாள், கொடுக்கிற மருந்தையும் குடிக்கமாட்டேன் என்கிறாள். டாக்டரம்மா அக்காவை வராந்தாவுக்கு அழைத்துப் போய், வீட்டில் ஏதாவது சண்டையா, எலிமருந்து, பூச்சிமருந்து ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்றெல்லாம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். ராத்திரிக்குள் சரியாகவில்லை என்றால் மெஷினில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும், என்ன சாப்பிட்டாள் என்று தெரியாமல் எதுவும் நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றாள். கதவுக்கு இந்தப் பக்கம் நின்ற மாஸ்டரின் காதில் ஒவ்வொரு வார்த்தையும் விழுந்தது.

அக்கா தையற்கடையில் வேலை செய்பவள். புருஷன் விட்டுவிட்டுப் போனபிறகு யார் முன்னாலும் கையேந்தாமல், கண்ணீர் விடாமல் அந்த ஒற்றைப் பெண்ணை வளர்த்தவள். திரும்பி வந்தவள் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கணக்குல மார்க் கொறஞ்சதுக்கு வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன்டா" என்றாள். "அதுக்காகச் சாகணும்னு நெனச்சாளாடா? என் வாய்தான்டா அவளுக்கு எமன்."

இல்லை என்று சொல்ல மாஸ்டர் ஒருவரால்தான் முடியும். ஏனென்றால் அவள் என்ன சாப்பிட்டாள் என்று அவருக்குத் தெரியும். கொடுத்ததே அவர்தான்.

எடை பார்ப்பதற்கு இரண்டு நாள் முன்னால் பல்லி ஒன்றே முக்கால் கிலோ அதிகம் இருந்தாள். அந்தக் கூடுதலோடு போனால் மேல் பிரிவில் மலை மாதிரி இருக்கிற பெண்களோடு மோத வேண்டும். எல்லா மாஸ்டர்களும் செய்வதைத்தான் இவரும் செய்தார். மழைக்கோட்டைப் போடவைத்து மாடிப்படியில் ஏறி இறங்க விட்டார். சுவிங்கம் மெல்லக் கொடுத்து எச்சிலைத் துப்பச் சொன்னார். தண்ணீரை நிறுத்தினார். அப்படியும் முரண்டு பிடித்த கடைசி அரை கிலோவுக்கு, தன் ரத்த அழுத்தத்துக்காக டாக்டர் எழுதிக்கொடுத்திருந்த, நீரைப் பிரித்து வெளியே தள்ளும் மாத்திரையில் ஒன்று கொடுத்தார். மறுநாள் காலையில் இன்னொன்று. தோளில் பிடிப்பு என்றதற்கு வலி மாத்திரை வேறு. எடை பார்க்கிற விஷயத்தை மல்யுத்த மெத்தைக்கு வெளியே பேசக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். அந்தச் சட்டத்தைத்தான் பல்லி, அரை நினைவிலும், டாக்டரிடம் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

சொல்லிவிட வேண்டியதுதான் என்று வாயெடுத்தபோது தலைமையாசிரியரிடமிருந்து போன் வந்தது. சிறந்த விளையாட்டு வீரர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் பாராட்டு விழா. கார் வந்துகொண்டிருக்கிறது, பள்ளிக்குப் புது மல்யுத்த மெத்தை தருவதாக அறிவிக்கப்போகும் பெரிய மனிதர் வந்து உட்கார்ந்துவிட்டார், மாஸ்டர் இல்லாமல் எப்படி? மெத்தை என்ற வார்த்தை அவரைப் பிடித்து நிறுத்தியது. இத்தனை வருஷமாக அவருடைய பிள்ளைகள், ஆஸ்பத்திரி கழித்துப்போட்ட படுக்கைகளைச் சேர்த்துத் தைத்து அதன்மேல் தார்ப்பாயைக் கட்டித்தான் புரள்கிறார்கள். போட்டியில் தடை செய்திருக்கிற மாத்திரை அது, விஷயம் வெளியே வந்தால் பல்லியின் பதக்கம் போகும், அவர் வேலை போகும், பள்ளிக்கூடத்தில் மல்யுத்தமே போகும். அரைமணி நேரத்தில் போய்விட்டு வந்து சொல்லிவிடலாம், அதற்குள் மூத்திரம் வந்தாலும் வந்துவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அந்த நினைப்புக்காகத் தன்னையே காறித் துப்பவேண்டும் போலவும் இருந்தது.

"நீ போடா. அவளுக்குக் கொடுக்கறத யாரு வாங்குவா?" என்று அக்காவே சொல்லி அனுப்பினாள். அதுதான் அவரை இன்னும் கொன்றது.

பள்ளிக்கூட அரங்கில் மின்விசிறிகளின் இரைச்சலுக்கு மேலே ஒலிபெருக்கி கத்திக்கொண்டிருந்தது. மேடையில் வீரர்களுக்கு இரண்டு வரிசை நாற்காலி. ஒவ்வொரு நாற்காலியின் கீழும் தண்ணீர் பாட்டில். பல்லியின் நாற்காலியில் யாரோ பூச்செண்டை வைத்திருந்தார்கள். மாஸ்டர் பூச்செண்டை எடுத்துக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மறுபக்கம் ஆணி உட்கார்ந்திருந்தாள். பல்லிக்கு அடுத்த எடைப் பிரிவில் ஆடுகிறவள், ஊன்றி நின்றால் அசைக்க முடியாதவள். "பல்லிக்கு எப்படி இருக்கு மாஸ்டர்?" என்று மெதுவாகக் கேட்டாள். நன்றாக இருக்கிறாள் என்றார். வாயிலிருந்து அது அவ்வளவு லேசாக வந்தது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

தலைமையாசிரியர் பேச்சில் கெட்டிக்காரர், மைக்கைப் பிடித்தால் லேசில் விடமாட்டார். கபடிக்காரர்களைப் பாராட்டி, ஓட்டக்காரர்களைப் பாராட்டி, கடைசியில் மாஸ்டரிடம் வந்தார். கட்டுப்பாடு என்றால் என்ன என்று இவரிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். எடை பார்ப்பதற்கு முன்னால் இவர் பிள்ளைகளுக்கு ஒரு பரீட்சை வைப்பார், டம்ளர் நிறையத் தண்ணீரை நீட்டி 'குடிம்மா' என்பார், ஆசைப்பட்டு வாங்கினவர்கள் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும், ஓடி ஓடி இப்போது யாருமே வாங்குவதில்லை என்று சொல்லிச் சிரித்தார். அதைவிடப் பெரிய விஷயம், பிள்ளைகள் குடிக்கக்கூடாத வரைக்கும் இவரும் ஒரு சொட்டுக் குடிக்கமாட்டார். கடைசிப் பிள்ளை எடைமேடையை விட்டு இறங்கியதும் பாட்டிலில் முதல் மடக்கை மாஸ்டர் குடிப்பார். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பிள்ளைகள் குடிக்கும். தாய்க்கு நிகரானவர் என்று முடித்தார். அரங்கமே எழுந்து கை தட்டியது. பெரிய மனிதர் மைக்கை வாங்கி மெத்தையை அறிவித்தார். கைதட்டல் இன்னும் பெரிதானது.

மாஸ்டர் கும்பிடுவதற்காகக் கையைத் தூக்கியபோதுதான் ஆணியின் மடியிலிருந்த கைக்குட்டையைப் பார்த்தார். அது நனைந்து கனத்திருந்தது. ஆணியின் தாடை மெல்ல அசைந்துகொண்டிருந்தது. மென்றாள், கைக்குட்டையை வாயில் ஒற்றினாள், மறுபடி மென்றாள். அவளுக்கு நாளை மறுநாள் போட்டி. மாஸ்டர் பார்ப்பதைக் கண்டு அவள் பெருமையோடு அவர் பக்கம் குனிந்தாள்.

"இன்னும் நானூறு கிராம்தான் மாஸ்டர். நேத்துலேர்ந்து ஒண்ணுமே குடிக்கல."

மாஸ்டர் அவள் நாற்காலிக்குக் கீழே சீல் உடைக்காமல் கிடந்த பாட்டிலை எடுத்துத் திறந்து அவளிடம் நீட்டினார். "குடிம்மா" என்றார்.

ஆணி பாட்டிலைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு உதட்டை இறுக்கிக்கொண்டு, என்னை ஏமாற்ற முடியுமா என்பது போலச் சிரித்துத் தலையை ஆட்டினாள்.

அந்த இறுகின உதட்டை அவர் ஒரு மணி நேரம் முன்னால்தான் பார்த்திருந்தார். நர்ஸின் டம்ளர், பல்லியின் கண், தான் தலையை ஆட்டிக் 'குடிம்மா' என்றது எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. அவள் சாக நினைக்கவில்லை. அவள் நினைவில் போட்டி இன்னும் முடியவில்லை. எடை பார்க்கவில்லை. மாமா பரீட்சை வைக்கிறார், அவள் தேறிக்கொண்டிருக்கிறாள்.

மாஸ்டர் எழுந்தார். சிறந்த பயிற்சியாளர் என்று அவர் பெயரை அறிவித்துக்கொண்டிருந்தார்கள். கேடயம் வாங்கத்தான் எழுந்தார் என்று நினைத்துக் கூட்டம் கை தட்ட, அவர் எதிர்ப்பக்கம் திரும்பித் திரைக்குப் பின்னால் போனார். திறந்த பாட்டில் கையிலேயே இருந்தது. என்னமோ ஏதோவென்று ஆணி பின்னாலேயே வந்தாள். உடைந்த பெஞ்சுகளுக்கு நடுவில் நின்று அக்காவுக்குப் போன் போட்டார்.

"அக்கா, அவ சாகப் பாக்கலக்கா. நான்தான் குடுத்தேன். என் பிரஷர் மாத்திரை, ரெண்டு. வலி மாத்திரையும். தண்ணியே குடுக்கல. டாக்டர்கிட்ட சொல்லு, இப்பவே சொல்லு."

திட்டினால் தேவலை என்றிருந்தது. அக்கா திட்டவில்லை. செருப்புச் சத்தம் வேகமாகக் கேட்டது, டாக்டர் டாக்டர் என்று அவள் குரல் உடைந்து கேட்டது, அவர் சொன்னதை அப்படியே ஒப்பித்தது கேட்டது. டாக்டரம்மா ஏதோ கோபமாகக் கேட்டாள். என்ன மாத்திரை என்று பேரை வாங்கிக்கொண்டாள். அந்தப் பொடியாவது உள்ளே போகவேண்டும் என்று அவள் நர்ஸிடம் கத்தியதும் காதில் விழுந்தது. பிறகு அக்கா மறுபடி வந்தாள். அவள் குரலில் ஈரமே இல்லை.

"வாயத் தொறக்க மாட்டேங்கறா. நீயே சொல்லு. காதுல வைக்கறேன்."

என்ன சொல்வது? குடி என்ற வார்த்தையை அவரே கெடுத்து வைத்திருந்தார். "பல்லி, மாமாடா. எடை பாத்தாச்சு. போட்டியும் முடிஞ்சிடுச்சு. நீ ஜெயிச்சுட்டே" என்றார். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு குரல்.

"நீங்க இன்னும் குடிக்கலையே மாமா."

மாஸ்டர் போனைத் தொண்டையோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். மறு கையால் பாட்டிலைத் தூக்கி வாயில் கவிழ்த்தார். சத்தம் கேட்க வேண்டும் என்று மடக் மடக்கென்று, புரையேறி மூக்கு வழியே வந்தாலும் நிறுத்தாமல், சட்டையெல்லாம் நனைய விழுங்கினார். நிறுத்திப் போனைக் காதில் வைத்துக் கேட்டார். டம்ளர் பல்லில் இடிக்கும் சத்தம் மாதிரி இருந்தது. இல்லை, வேறு ஏதோ. மறுபடி தொண்டையில் வைத்துக் குடித்தார். திரைக்கு அந்தப் பக்கம் அவர் பெயரை இரண்டாவது முறையாகக் கூப்பிட்டார்கள்.

பாட்டில் காலியாகிவிட்டது. காலி பாட்டிலை உறிஞ்சிப் பார்த்தார், காற்றுதான் வந்தது. ஆணி அவரையே பார்த்துக்கொண்டு நின்றவள், மேடைக்கு ஓடினாள். பல்லியின் நாற்காலிக்குக் கீழே இருந்த பாட்டிலை எடுத்து வந்து, மூடியைப் பல்லால் திருகி அவர் கையில் கொடுத்தாள். மாஸ்டர் குடித்தார். குடித்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு போனில் காது வைத்தார். மறுபடி குடித்தார். அவர் குரல்வளை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே, தனக்கே தெரியாமல், ஆணி எச்சிலை விழுங்கினாள்.