கழுதைக்கு வராத கோபம்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: படம் வரைகிற அண்ணன், பஸ் ஓட்டுகிற தம்பி, அண்ணி, அம்மா, தாய்மாமா. வெளியார் எவரும் இல்லை.

தம்பி வந்தது ஒரே காரியத்துக்காக. அண்ணன் வரையும் குழந்தைப் புத்தகங்களில் வருகிற கழுதைக்குத் தம்பியின் முகம். தானாக ஏறிக்கொள்ளும் இடது புருவம், பிதுங்கிய கீழுதடு, அச்சு அசல் அவனேதான். பள்ளியில் அவன் மகளைக் கழுதை பெற்ற பெண் என்றார்கள். காலையில் அவள் பள்ளிக்குப் போகாமல் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். புதுப் புத்தகத்திலாவது அந்த முகம் போக வேண்டும்.

சுவரில் ஒட்டிய தாளில் கழுதை சிரித்தது, பயந்தது, பொறாமைப்பட்டது. கோபத்துக்கான கட்டம் மட்டும் காலி.

"அண்ணே, மூஞ்சிய மாத்திடு."

"பிள்ளைங்களுக்குப் பழகின மூஞ்சிடா. கோபம்தான் சரியா வரல. எப்படிப் போட்டாலும் வயித்துவலி மாதிரி இருக்கு. கொஞ்சம் முறைச்சுக் காட்டு."

"நான் விளையாடல. எம் பொண்ணு அழுவுறா."

"அவளையும் குட்டியா பக்கத்துல நிறுத்திடறேன்."

மாமா விழுந்து விழுந்து சிரித்தார்.

தம்பி மேசையிலிருந்த இரும்பு ஸ்கேலை எடுத்து அண்ணனின் வாயில் ஓங்கி அடித்தான். உதடு கிழிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. அண்ணன் பார்த்து வரைவதற்காக அடிப்பதுபோலவும் விழுவதுபோலவும் நடிப்பது அந்த வீட்டில் வழக்கம். அம்மாவே ஒருமுறை துடைப்பத்தோடு ராட்சசியாக நின்றிருக்கிறாள்.

"இன்னிக்கு நல்லா நடிக்கிறான்," என்றாள் அம்மா.

"சிவப்பு மையக் கொட்டாதீங்க கொழுந்தனாரே, நான்தான் துடைக்கணும்," என்றாள் அண்ணி.

தம்பி அண்ணனின் பிடரியைப் பிடித்து, முகபாவம் பார்க்கிற கண்ணாடியில் மோதினான். கண்ணாடி சில்லுச் சில்லானது. அண்ணன் தரையில் சரிந்தான். தம்பி அவன் கழுத்தை நெரித்தான். கண் பிதுங்கிய நிலையிலும் அண்ணன் தம்பியின் முகத்தையே ஆசையோடு பார்த்தான்.

"அப்படியே இருடா... புருவத்த எறக்காதே..."

அவன் வலது கை தரையில் பென்சிலைத் தேடியது.

அதுதான் தம்பிக்குத் தாங்கவில்லை. எழுந்து, அந்தக் கையை, வாசலில் கழற்றாமல் வந்த பூட்ஸ் காலால் மிதித்தான். மறுபடியும் மிதித்தான். விரல் எலும்பு முறிகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அதை யாராலும் நடிக்க முடியாது. அம்மா அலறினாள். மாமா தம்பியை இடுப்போடு கட்டிப் பின்னால் இழுத்தார்.

புத்தகம் தாமதமாக வந்தது. அண்ணன் இடது கையால் வரைந்திருந்தான், வேறு கண்ணாடி வாங்கி, தன் முகத்தைப் பார்த்து. வீங்கிய உதடு, மிரண்ட கண். கோபத்துக்கான பக்கமே இல்லை. தம்பி மகள் புரட்டிப் பார்த்து, "அப்பா, இது பெரியப்பா!" என்று குதித்தாள். தம்பி சிரிக்கவில்லை. அண்ணன் வீட்டுப் படியை அவன் இன்றுவரை மிதிக்கவுமில்லை.

வீட்டுப் பங்குக்காக அண்ணன் தம்பி வெட்டிக்கொண்டார்கள் என்று தெருவில் ஒரு பேச்சு உலவுகிறது. தவறு. வீடு அம்மா பேரில் இருக்கிறது. அதில் யாரும் பங்கு கேட்கவில்லை.