வெற்றுக் கட்டங்கள்

ஓண விருந்துக்கும் விளையாட்டுப் போட்டிகளுக்கும் மூன்று நாள் முன்பு, ஏற்பாடுகளைக் கவனித்துக்கொண்டிருந்த நீது வந்து வினயின் மேசையருகே நின்றாள். கழக்கூட்டம் என்ற ஊரில் இருந்த அந்த அலுவலகத்தில் அவன் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. வேலை இல்லாமல் ஒருவரும் அவன் மேசைக்கு வந்ததில்லை. இப்போதும் வேலைதான்.

"எடா வினய், இந்த ஷீட்டைக் கொஞ்சம் நேராக்கித் தா. பேரெல்லாம் கீழ போவுது, போட்டியெல்லாம் பக்கவாட்டுல ஓடுது. எந்த டீமை எந்த மேசையில இருத்தணும்னு ஒண்ணும் மனசிலாகல்ல."

எண்பத்தேழு பெயர்கள், எட்டுப் போட்டிகளுக்கு எட்டு நெடுவரிசைகள். எதில் சேர்கிறார்களோ அந்தக் கட்டத்தில் அவரவர் '1' போட்டிருந்தார்கள். வினயின் பெயருக்கு நேரே எட்டுக் கட்டமும் காலி. எந்தக் குழுவும் அவனைக் கூப்பிடவில்லை. தானாகப் போய்க் கேட்கக் கூச்சம். பெயர் இருந்தால் சாப்பாட்டுக்குப் போதும் என்று இருந்துவிட்டான்.

அந்தச் சாப்பாட்டில்தான் அவன் நினைப்பெல்லாம். இலை போட்டு வரிசையாக உட்கார்ந்துவிட்டால் பக்கத்தில் இருப்பவர் ஏதாவது பேசித்தானே ஆக வேண்டும்? பப்படம் வேண்டுமா என்றாவது கேட்பார்.

தரவைச் சீராக்கும் மென்பொருளில் எட்டு நெடுவரிசைகளையும் தேர்ந்தெடுத்து ஒரே ஒரு கட்டளை கொடுத்தான். அகலமாகக் கிடந்த அட்டவணை நீளவாக்கில் எழுந்து நின்றது: வரிக்கு ஒரு பெயர், ஒரு போட்டி. மூன்று போட்டிகளில் இருந்த அகில் மூன்று வரிகளாக அடுக்கப்பட்டான். ஐந்தே நிமிடம்.

'நீ புலியாக்கும்!' என்று நீது செய்தி அனுப்பினாள். அதை நான்கு முறை படித்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் அம்மா ஜெயலக்ஷ்மி டிபன் டப்பாவைத் திறந்தபோது தடுத்தான். "வேண்டாம்மா, இன்னிக்கு ஆபீஸ்ல ஓண சத்யா, இலை போட்டுச் சாப்பாடு."

"எல்லாரும் சேர்ந்தா? நன்னாப் போச்சு. வேஷ்டி நழுவாம பாத்துக்கோ."

அலுவலகக் கீழ்த்தளத்தில் ஒவ்வொரு இலை நுனியிலும், அவன் அடுக்கித் தந்த பட்டியல்படி, ஒரு பெயர்ச்சீட்டு. மேசைகளை இரண்டு முறை சுற்றி வந்தான். அவன் சீட்டு எங்கும் இல்லை.

"லிஸ்ட் போட்டதே நீதானே, உன் பேரு எங்கடா?" என்றாள் நீது, கையில் பாயச வாளியோடு.

"சொந்தப் பேரையே முழுங்கிட்டான்! வயிறு நெறஞ்சிருக்கும், விடு," என்றான் இலை முன்னால் இருந்த அகில். மேசையே சிரித்தது. வினயும் சிரித்தான்.

சிரிக்கும்போதே புரிந்துவிட்டது. அடுக்கும்போது மென்பொருள் காலிக் கட்டங்களைத் தூக்கி எறிந்துவிடும்; எட்டும் காலி என்றால் பெயரே மிஞ்சாது. மற்றவர்களின் அட்டவணை என்றால் முதலில் காலி இடங்களில் சுழியம் நிரப்பிவிட்டுத்தான் தொடுவான். இதில் தன் வரியை அவனே பார்க்கவில்லை.

"ரெண்டாம் பந்தியில பாக்கலாம், கேட்டியா," என்று நீது நகர்ந்தாள்.

"பரவால்ல, டப்பா கொண்டு வந்திருக்கேன்," என்றான். அதற்குள் அவள் அடுத்த மேசைக்குப் போயிருந்தாள்.

மேல்தளத்தில் ஒருவரும் இல்லை. கோப்பைத் திறந்து, மூல ஷீட்டின் காலிக் கட்டங்களில் சுழியம் நிரப்பி, மறுபடி அடுக்கினான். இப்போது வந்தான்: வினய், வினய், வினய் என்று எட்டு வரிகள், எட்டுச் சுழியங்கள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மூல ஷீட்டுக்குத் திரும்பிப் போய், வடம் இழுக்கும் போட்டியில் தன் சுழியத்தை அழித்து '1' போட்டான். புதுப்பித்தான். 'திருத்திய பட்டியல்' என்று நீதுவுக்கு அனுப்பினான்.

பதில் வரக் கால்மணி ஆனது. 'அய்யோ, இனி வேண்டாடா, டீமெல்லாம் பிரிச்சுக் கழிஞ்சல்லோ.'

கீழே முற்றத்தில் விசில் ஊதினார்கள். வடத்தின் இரு புறமும் ஆட்கள் கூச்சலிட்டார்கள். கோப்பை மூடப் போனான்; மாற்றங்களைச் சேமிக்கவா என்று மென்பொருள் கேட்டது.

ஆம் என்று அழுத்தினான்.