மஞ்சள் தண்ணீர் தெளித்த கம்ப்யூட்டர்

“அவள மொதல்ல என் வூட்டவுட்டு வெளிய அனுப்பு!”

செலியமேட்டு நிலக்காரர் பலராமன் போட்ட கத்தலில், அடுக்களையிலிருந்து அவர் மனைவி தையலம்மாள் ஓடி வந்தாள். கூடத்தில் வெளியாள் என்று இருந்தது, நெல் வாங்க வந்த திருக்கனூர் வியாபாரி முத்துக்குமார் மட்டும்தான். பலராமனின் விரல் நீண்டதோ, மருமகள் பிரியதர்ஷினியின் கம்ப்யூட்டரை நோக்கி.

பிரியதர்ஷினி பாலி மொழி படித்தவள். கொழும்பு, பினாங்கு, பிரான்சு என்று எங்கெங்கோ இருக்கிற புத்த மதத்தாருக்கு ஆன்லைனில் பழைய பாலிச் சொற்களைக் கற்றுத் தருகிறாள். வருகிறவன் போகிறவனையெல்லாம் இழுத்து வந்து அதைக் காட்டுவது பலராமனுக்கு வழக்கம்.

“வெள்ளக்காரன்லாம் நம்ம மருமவளக் கையெடுத்துக் கும்பிடறான் பாரு” என்று இன்றைக்கும் இளித்துக்கொண்டு காட்டினார். திரையின் மூலைக் கட்டத்தில் தனக்கொடி உட்கார்ந்திருந்தாள்.

தனக்கொடி காலனிக்காரி. பலராமனின் களத்தில் வேலை செய்கிறவள். புத்த மதத்துக்கு மாறியபின், அர்த்தம் தெரியாமல் தினம் பாலியில் வணக்கம் சொல்வானேன் என்று இந்த வகுப்பில் சேர்ந்தவள்.

“உதகம்னா தண்ணி, டீச்சர்” என்று அப்போதுதான் சொன்னாள்.

“இன்னா பலராமா, காலனிய நடுக்கூடத்துல ஒக்கார வச்சிருக்க?” முத்துக்குமார் சிரித்தபடி, கையிலிருந்த காபியைக் குடிக்காமல் கீழே வைத்தார். அதுதான் பலராமனைச் சுட்டது.

“மாமா, அவங்க அவங்க வூட்டுலதான இருக்காங்க?”

“மொகம் இங்க தெரியுதில்ல? தூக்கு அவள!”

“தூக்க மாட்டேன். படிக்க வந்தவங்க அவங்க.”

தையலம்மாள் சொம்பில் மஞ்சளைக் கரைத்து வேப்பிலையோடு வந்தாள். கம்ப்யூட்டர்மேல் தெளித்தாள். போதாதென்று கையால் அள்ளியும் ஊற்றினாள். கண்ணாடிக்குள் தெரிகிற முகத்துக்குத் தீட்டுக் கழிக்கிறார்களாம்! புத்தி இருந்தால் வெட்கம் வரும். அந்தக் கூடத்தில் இரண்டும் இல்லை. திரை அணைந்தது.

“தீட்டு போச்சா?” என்றார் பலராமன்.

“கம்ப்யூட்டரே போச்சு மாமா.”

பிரியதர்ஷினி செல்போனை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பட்டப்பகலில், ஊரே பார்க்க, காலனிக்கு நடந்தாள்.

தனக்கொடி தன் வாசலில் செல்போனைத் தட்டிக்கொண்டிருந்தாள். “சிக்னல் போச்சுன்னு நெனச்சேன் டீச்சர்... ஐயோ, நீ இன்னாத்துக்கும்மா இங்க வந்த? ஐயா பாத்தா கொன்னுடுவாரு.”

“பாக்கட்டும். குடிக்கத் தண்ணி குடுங்கக்கா. பாடத்த இங்கியே முடிச்சிடலாம்.”

குடித்துவிட்டு, தனக்கொடிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். செல்போனில் வகுப்பின் கட்டங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. இந்தமுறை இவர்கள் இரண்டு பேர் முகமும் ஒரே கட்டத்தில்.

பலராமன் வீட்டில் வியாபாரம் நடந்தது. காபியைத் தொடாத முத்துக்குமார் மூட்டைக்குள் கைவிட்டு ஒரு நெல்லை எடுத்தார். காய்ந்திருக்கிறதா என்று பல்லில் வைத்துக் கடித்தார். தனக்கொடி களத்தில் வெறுங்காலால் துழாவித் துழாவிக் காயவைத்த நெல்.

“நல்லாக் காஞ்சிருக்குய்யா” என்று மென்று விழுங்கினார்.

சொம்பில் மஞ்சள் தண்ணீர் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.