இருவரும் விட்டுக்கொடுத்த தெரு

என் அக்காவுக்குக் காது கேட்காது. அவளுடைய ஒரே மகளுக்கும் கேட்காது. அவர்களுக்குப் பேச்சு என்பது கைகளில்தான். ஆகவே, மகள் திருமணமாகித் தொலைதூர நகரம் ஒன்றுக்குச் சென்ற நாள் முதல், இணையம் இருந்தால்தான் தாய்க்கும் மகளுக்கும் பேச்சு என்றாகிவிட்டது.

அக்காவின் வீட்டில் கைப்பேசி சிக்னல் ஒரு கோட்டைத் தாண்டியதில்லை. மகளின் முகம் தோன்றும், கைகள் எழும், உடனே விரல்கள் சாம்பல் நிறச் சதுரங்களாகச் சிதறிப் படம் உறைந்துவிடும். அக்கா விடாமல் சிரித்துத் தலையாட்டுவாள். புரியாதபோதும் சிரித்துத் தலையாட்டுவது, காது கேட்காதவர்களுக்கு உலகம் பழக்கிவைத்த மரியாதை. பள்ளிப் படிப்பு பாதியில் நின்றவள் அவள். எழுத்துச் செய்தியில் ‘சாப்பிட்டாயா’, ‘சாப்பிட்டேன்’ என்பதற்கு மேல் அவளுக்கு ஓடாது.

மகள் கருவுற்றிருந்தாள். முதல் குழந்தை. ஆயினும் சில வாரங்களாக அவளிடமிருந்து அழைப்பே இல்லை. ‘பிறகு பேசுகிறேன்’ என்று மட்டும் செய்தி வரும்.

“லைன் சரியில்ல. அதான் அவளுக்கு அலுத்துப்போச்சு,” என்பாள் அக்கா, ஒரு கையில் மஞ்சள் கம்பளி நூலைச் சுற்றிக்கொண்டே மறு கையால். குழந்தைக்குக் குல்லாய் பின்னிக்கொண்டிருந்தாள். “உங்க ஆபீஸ் கேபிள் எப்பதான்டா வரும்?”

என்னுடைய அலுவலகம் என்பது, கிழக்கு நகராட்சியும் மேற்கு நகராட்சியும் சேர்ந்து நடத்தும் கூட்டு இணையத் திட்ட அலுவலகம். நான் அங்கே எழுத்தர். பெரிய நிறுவனங்கள் லாபமில்லை என்று ஒதுக்கிய தெருக்களுக்கெல்லாம் தாமே கேபிள் பதித்து, குறைந்த கட்டணத்தில் இணையம் தருவது என்று இரு நகராட்சிகளும் முடிவு செய்திருந்தன. முன்பு குப்பை கொட்டும் இடத்துக்காகக் கோர்ட் வரை போனவை அவை. சமாதானமான பிறகு, கூட்டத்தில் நாற்காலியில் அமர்வதற்குக்கூடக் கிழக்குத் தலைவி “நீங்க முதல்ல” என்பார். மேற்குத் தலைவர் “ஐயோ, நீங்க உக்காருங்கம்மா” என்பார். காபி ஆறிவிடும்.

அந்தச் சமாதானத்தின் முதல் விதி, எந்தச் சாலையையும் இருமுறை தோண்டக்கூடாது என்பது. ஒருவர் தோண்டியிருந்தால் மற்றவர் அதைத் தொடக்கூடாது.

அக்காவின் தெருவின் நடுக்கோடுதான் இரண்டு ஊர்களுக்கும் எல்லை. அவள் வீட்டு வாசல் கிழக்கு; எதிர் வீடு மேற்கு.

பணி முடிந்ததாக அறிவித்த வாரத்தில், மோடம் பெட்டியோடு எங்கள் பொறியாளர் என்னுடன் அக்கா வீட்டுக்கு வந்தார். எதைக் கேட்டாலும் “நாளைக்கு” என்பதால் அலுவலகத்தில் அவருக்கு அதுவே பெயர். அக்கா அவருக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. தெருக்கோடியில் இருந்த கேபிள் குழியின் மூடியைத் திறந்து, டார்ச் அடித்து, குனிந்தவர் குனிந்தபடியே நின்றார்.

“சார், இங்க வாங்க. உள்ள என்ன தெரியுது?”

“ஒன்றும் தெரியவில்லையே,” என்றேன்.

“அதேதான் சார். ஒண்ணுமே இல்ல.”

“சாலையைத் தோண்டி மூடியிருக்கிறார்களே?”

“அது தண்ணிக் குழாய்க்குத் தோண்டினது. மேற்கு ஆளுங்க வந்து பாத்துட்டு, கிழக்கு போட்டாச்சுன்னு போயிட்டாங்க. கிழக்கு ஆளுங்க, மேற்கு போட்டாச்சுன்னு திரும்பிட்டாங்க. ரொம்ப மரியாதக்காரங்க சார் நாம. ஒருத்தரும் ஒரு வார்த்த கேக்கல.”

“இப்போது தோண்டலாம் அல்லவா?”

“தோண்டின ரோடாச்சே. ரெண்டு கவுன்சிலும் விதியத் தளர்த்தணும். திறப்பு விழா முடியட்டும்.” சற்று நிறுத்தி, தம்மையே கேலி செய்வதுபோல முடித்தார். “நாளைக்குப் பாப்போம்.”

அக்கா எங்கள் உதடுகளையே மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் விளக்கினேன். அவள் கோபப்படவில்லை. “விழாவுக்கு நானும் வரேன்,” என்றாள்.

திறப்பு விழாவில் தலைவர்கள் இருவரும் காணொளியில் உரையாடிக் காட்டுவதாக ஏற்பாடு. யாரை மேடையில் அமர்த்துவது, யாரை வேறு ஊரிலிருந்து பேசச் சொல்வது என்பதில் மறுபடியும் “நீங்க”, “ஐயோ நீங்க” நடந்து, முடிவில் இருவருமே ஒரே மேடையில், கை நீட்டினால் தொடும் தூரத்தில், ஆளுக்கொரு கணினியுடன் அமர்ந்தார்கள். பின்னால் பெரிய திரை.

“என் குரல் கேக்குதுங்களா?” என்றார் தலைவர்.

“கணினி இல்லாமலே கேக்குதுங்க,” என்றார் தலைவி. மண்டபம் சிரித்தது.

சிரிப்பு அடங்குமுன் அக்கா மேடையேறிவிட்டாள். என்னையும் கையால் அழைத்தாள். அவள் கை பேசியது. என் வாய் அதைச் சொல்ல வேண்டும்.

“ஐயா, அம்மா, மன்னிக்கணும். எல்லைத் தெருவுல கேபிள் சின்னதா விட்டுப்போயிருக்கலாம்னு அக்கா பணிவோட…”

அக்கா என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். உதடு படிப்பதில் அவளை ஏமாற்ற முடியாது. “நான் அப்படிச் சொல்லல,” என்றன அவள் கைகள். “நான் சொன்னதச் சொல்லு.”

அப்படியே சொன்னேன். “என் தெருவ ரெண்டு பேரும் விட்டுட்டீங்க. என் பொண்ணு என்ன சொல்றான்னு எனக்குத் தெரியல. அவ மாசமா இருக்கா.”

தலைவர் தலைவியைப் பார்த்தார். தலைவி தலைவரைப் பார்த்தார். பிறகு தலைவியின் முகம் மலர்ந்தது.

“இப்பவே பேசட்டுமே! இங்கதான் லைன் இருக்கே. பெரிய திரையில போடுங்க. எங்க பேச்ச விட இதுதான் நல்லா இருக்கும்.”

கைதட்டல் எழுந்தது. பொறியாளர் அக்காவின் கைப்பேசியை மண்டபத்து இணைப்போடும் திரையோடும் சேர்த்தார். அழைப்பு நெடுநேரம் போயிற்று. எடுக்க மாட்டாள் என்றே நினைத்தேன்.

மகள் எடுத்தாள். சுவரளவு பெரிய முகம். கண்ணுக்குக் கீழிருந்த கருவளையம்வரை துல்லியமாகத் தெரிந்தது. அங்கே அவளுக்குத் தாயின் முகம் மட்டுமே தெரிந்திருக்க வேண்டும்.

கைப்பேசியை மேசைக் குவளையில் சாய்த்து வைத்த அக்கா, பேச்சுக்கு முன்னால் பையிலிருந்து மஞ்சள் குல்லாயை எடுத்துக் காட்டினாள்.

மகள் அதையே பார்த்தாள். பிறகு மெதுவாகக் கைகளை உயர்த்தினாள்.

“கடைசியாப் பேசின அன்னிக்கே சொன்னேனேம்மா. குழந்த போயிடுச்சுன்னு சொன்னேன். நீ சிரிச்ச. தலையாட்டின. இப்படித் தொட்டில் ஆட்டிக் காட்டின.”

அவள் இரு கைகளையும் சேர்த்துத் தொட்டில்போல ஆட்டிக் காட்டினாள்.

மண்டபத்துக்குப் புரிந்த சைகை அது ஒன்றுதான். “ஆகா!” என்று யாரோ மகிழ, எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். படம் உறையவில்லை. ஒரு விரல்கூடச் சிதறவில்லை.

அக்காவின் கையிலிருந்த குல்லாய் அசையாமல் நின்றது.

“என்ன சொல்றாங்க? எல்லாருக்கும் சொல்லுங்க!” தலைவி ஒலிவாங்கியை என் வாயருகே நீட்டினார்.

“மன்னிக்கணும் அம்மா,” என்றேன். அதன் பின் என் பணிக்காலத்தில் எவரிடமும் சொல்லியிராத ஒன்றைச் சொன்னேன். “சொல்ல முடியாது.”

திரையை அணைக்கும்படி பொறியாளரைப் பார்த்துக் கையசைத்தேன். ‘நாளைக்கு’ என்னும் அந்த மனிதர் ஒரு கணமும் தாமதிக்காமல் வயரைப் பிடுங்கினார். திரை இருண்டது, கைப்பேசியில் மகள் இருந்தாள்.

கைதட்டல் குழம்பி நின்றது. தலைவரும் தலைவியும் ஒருவரையொருவர் “என்னாச்சுங்க?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கைப்பேசி குவளையிலிருந்து சரியத் தொடங்கியது. அக்கா அதைப் பற்றப் போனாள். பற்றினால் ஒரு கைதான் மிஞ்சும், ஒரு கையால் அவளால் அதைச் சொல்ல முடியாது. நான் மண்டபத்துக்கு முதுகு காட்டி நின்று, கைப்பேசியை அவள் முகத்துக்கு நேராக இரு கைகளாலும் பிடித்துக்கொண்டேன்.

அவள் குல்லாயைக் கீழே வைத்துவிட்டு, மகளிடம் பேசத் தொடங்கினாள்.